டர்பைன் சக்கரம்: சிலிக்கான் நைட்ரைடா, நிக்கல் கலப்புலோகமா?

நிசான் நிறுவனம் 1985இல் சிலிக்கான் நைட்ரைடு டர்பைன் சக்கரம் கொண்ட டர்போசார்ஜரை (புகைவாயுவின் விசையால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) ஃபேர்லேடி இசட் காரில் பொருத்தி விற்பனைக்கு விட்டபோது, அந்தப் பீங்கானைத் தேர்ந்ததற்கு முதற்காரணம் அதன் வெப்பத்தாங்குதிறன் அன்று, எடைக்குறைவே. நிக்கல் கலப்புலோகத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 8 கிராம். சிலிக்கான் நைட்ரைடுக்கோ 3.2 கிராம்தான். ஒரே வடிவில் செய்தால் சக்கரத்தின் நிலைமத் திருப்புத்திறன் (சுழல்வேக மாற்றத்தை எதிர்க்கும் அளவு) பாதிக்கும் கீழே இறங்குவதால், ஆக்சிலரேட்டரை மிதித்தபின் பூஸ்ட், அதாவது உள்ளே தள்ளப்படும் காற்றின் கூடுதல் அழுத்தம், ஏறப் பிடிக்கும் நேரம் குறைகிறது. பீங்கான் இதழ்களைச் சற்றுத் தடிப்பாகச் செய்ய வேண்டியிருப்பதால் அந்த லாபம் முழுவதும் கைக்கு வருவதில்லை என்பது வேறு விஷயம்.

உலோகச் சக்கரத்தின் பலம் அது அடிபடும்போதுதான் தெரியும். எஞ்சினின் புகைக்குழாயிலிருந்து உதிர்ந்த துரும்பு ஒன்று வந்து மோதினால் நிக்கல் இதழின் விளிம்பு மடங்கும், ஆனாலும் சக்கரம் சுழன்றுகொண்டிருக்கும். பீங்கான் இதழோ நொறுங்கிவிடும். சில பத்து மைக்ரோமீட்டர் அளவுள்ள உட்குறையே பீங்கானில் விரிசலுக்கு விதையாகப் போதுமென்பதால், இயங்குவேகத்தைவிட அதிக வேகத்தில் சுற்றிப் பார்த்துக் குறையுள்ள சக்கரங்களைக் கழித்துக்கட்டுவது தவிர்க்க முடியாத சோதனையாயிற்று. சூடேறும்போது எஃகு அச்சு பீங்கானைப்போல் மூன்று நான்கு மடங்கு விரிவடைவதால், இரண்டையும் இணைக்கும் இடமும் தனித் தலைவலிதான். ஸ்கைலைன் ஜிடி-ஆரின் சாதாரண வகையில் பீங்கான் சக்கரம் இருக்க, பந்தயத்துக்கான என்1 வகைக்கு உலோகச் சக்கரமே தரப்பட்டது; பூஸ்டைக் கூட்ட நினைப்பவருக்கு நானும் அதையே சொல்வேன். எடைதான் கவலையென்றால், அடர்த்தி 4 அளவிலுள்ள டைட்டானியம் அலுமினைடு இன்று பீங்கானைவிடப் பொருத்தமான நடுவழி.

எரிந்த வாயுவின் விசையால் சுழலும் சிறிய கேஸ் டர்பைனில் போட்டியின் தன்மையே மாறுகிறது. குளிர்காற்றுத் துளைகள் குடைய இடமில்லாத சிறு இதழ்களில் நிக்கலின் வெப்ப எல்லை சீக்கிரமே குறுக்கிடும். ஜப்பானில் கவாசாகி உருவாக்கிய 300 கிலோவாட் வகுப்பு சிஜிடி302 பீங்கான் டர்பைன், 1350 டிகிரி செல்சியஸ் நுழைவாயில் வெப்பத்தில் 42 சதவீத வெப்பத்திறனை (எரிபொருளின் வெப்பத்தில் வேலையாக மாறும் பங்கு) எட்டியது. அந்த அளவில் குளிர்விக்கப்படாத உலோகத்தால் நெருங்க முடியாத எண் அது. ஆனால் எரிப்பில் பிறக்கும் நீராவி, பீங்கான் மேற்பரப்பைக் காக்கும் சிலிக்காப் படலத்தோடு வினைபுரிந்து அதை ஆவியாகக் கொண்டுபோய்விடுவதால், காப்புப் பூச்சில்லாத இதழ் நாளடைவில் மெலிகிறது. அதிவேகச் சுழற்சிச் சோதனையில் தேறிய சக்கரமும் இதற்கு விலக்கல்ல. அந்தச் சோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது, இந்தத் தேய்மானமோ ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடிய பிறகுதான் வெளியே தெரிகிறது.