பின் பெஞ்சில் சக ஆசிரியரா, மேசையில் செல்போனா?

வகுப்பில் கேள்வி கேட்டதும் ஆசிரியர்களான நாம் பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்கிறோம்? ஏறக்குறைய 1 நொடிதான் என்று 1970களில் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ காட்டினார். 3 நொடி பொறுத்தால் பதில்கள் நீளும், வாய் திறக்காத பிள்ளைகளும் பேசுவார்கள். நம் இந்த வருட இலக்கு அதுதான் என்றால், கணக்குப் பார்ப்பது யார்: பாடத்தைப் பதிவு செய்யும் செல்போனா, பின்னால் உட்கார்ந்து கவனிக்கும் சக ஆசிரியரா?

செல்போன் பதிவில் நொடிக்கணக்கு பிசகாது. வீட்டில் தனியாகக் கேட்கலாம், கூச்சமில்லை. (நம் குரல் நமக்கே பிடிக்காது, அது வேறு.) ஆனால் கடைசி வரிசையில் கையைப் பாதி தூக்கி இறக்கிக்கொண்ட பிள்ளை ஒலிப்பதிவில் இல்லை.

சக ஆசிரியர் கண்ணுக்கு அது தப்பாது. "டீச்சர், இடப்பக்கம் நீங்க திரும்பவே இல்லை" என்பார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்த ஒரு வரி தூக்கத்தைக் கெடுக்கும். ஓராசிரியர் பள்ளியில் ஆளுக்கு எங்கே போவது?

என் ஓட்டு: முதல் பருவம் செல்போன், அடுத்தது ஆள்.