சிஎன்சி-யில் பிசிபி போட்டுத் தருகிறோம் என்பவரிடம் பணம் கொடுப்பதற்கு முன்

கோயம்புத்தூரில் வளர்ந்தவனுக்கு சிஎன்சி, அதாவது கம்ப்யூட்டர் ஓட்டும் வெட்டு மெஷின், என்று யாராவது சொன்னாலே ஒரு மரியாதை வந்துவிடும். தெருவுக்கு ஒரு லேத் பட்டறை, அதில் பலர் இப்போது விஎம்சி என்கிற பெரிய சிஎன்சி மெஷின் போட்டிருக்கிறார்கள், மைக்ரான் கணக்கில் பேசுகிறவர்கள். அந்த மரியாதையில்தான் நான் ஏமாந்தேன். போனது 9,500 ரூபாயும் ஒரு மாதமும். கடையின் பெயர், ஏரியா எதையும் இங்கே எழுதவில்லை, கேட்காதீர்கள். என்ன நடந்தது என்று மட்டும் சொல்கிறேன், இதே வேலைக்கு அலைகிறவர்கள் தெரிந்துகொண்டால் போதும்.

நான் போர்வெல் மோட்டாருக்கு சிங்கிள் ஃபேஸ் ஸ்டார்ட்டர் கண்ட்ரோலர் செய்பவன். தண்ணீர் இல்லாமல் ஓடினால் மோட்டாரை நிறுத்தும் சின்னப் பெட்டி, அவ்வளவுதான். புது மாடலுக்கு ஐந்து சாம்பிள் பிசிபி, அதாவது எலக்ட்ரானிக் பாகங்களை ஒட்டும் காப்பர் போர்டு தேவைப்பட்டது, 100-க்கு 80 மி.மீ., ஒரே பக்கம் காப்பர். பழைய மாடலெல்லாம் பளபளப்புத் தாளில் பிரிண்ட் எடுத்து, இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து, ஃபெர்ரிக் குளோரைடில் கழுவி நானே போட்டதுதான். இந்த முறை ஏடிமெகா328பி என்ற கண்ட்ரோலர் சிப்பின் தட்டை வடிவம், 0.8 மி.மீ.-க்கு ஒரு கால் (பின்), என் இஸ்திரிப் பெட்டி வேலைக்கு அது ஒத்துவராது. சீனாவுக்கு ஆர்டர் போட்டால் போர்டு விலை ஒன்றுமில்லை, ஆனால் வந்து சேர்வது எப்போது என்று சொல்ல முடியாது, பார்ட்டியோ பத்து நாளில் ஓட்டிக் காட்டு என்றார். அந்த நேரத்தில்தான் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது: 'இரண்டே நாளில் சிஎன்சி பிசிபி, ஜெர்மன் மெஷின்'. கூடவே கண்ணாடி மூடி, தூசி உறிஞ்சும் குழாயெல்லாம் வைத்த அழகான மெஷின் ஒன்றின் படம்.

போன் போட்டேன், நன்றாகத்தான் பேசினார். "கெர்பர் அனுப்புங்க, இல்லாட்டி பிடிஎஃப் இருந்தாலும் போதுமுங்க" என்றார். பிடிஎஃப் போதும் என்று ஒருவர் சொன்னபோதே நான் போனை வைத்திருக்க வேண்டும். துளை எங்கே, அளவு என்ன, எந்தப் பக்கம் காப்பர் என்பதெல்லாம் போர்டு செய்வதற்கென்றே உள்ள கெர்பர் ஃபைலிலும் டிரில் ஃபைலிலும்தான் இருக்கும், படத்தை வைத்து மெஷின் ஓட்டுகிறவர் குத்துமதிப்பாகத்தான் ஓட்டுவார். ஆனால் அவசரக்காரனுக்குக் காது கேட்காது. போர்டுக்கு 1,100, அதற்கு மேல் ஒரு கூடுதல் வேலைக்கு போர்டுக்கு 300, ஆக ஐந்துக்கு 7,000. பாதியை ஜிபே-யில் அனுப்பினேன். பில் கேட்டதற்கு "ஜிஎஸ்டி போட்டா விலை ஏறுமுங்க" என்றார், சரி வேண்டாம் என்றேன்.

அந்த 300 ரூபாய் வேலை எதற்கு என்று கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் என் பிரச்சினை முழுவதும் அதில்தான் இருக்கிறது. ஆசிடில் கழுவும்போது டிராக், அதாவது கரண்ட் ஓடும் காப்பர் கோடு, தவிர மற்ற காப்பர் எல்லாம் கரைந்து போய்விடும். மெஷினில் அப்படி இல்லை. கூரான பிட் ஒவ்வொரு டிராக்கையும் சுற்றி ஒரு மெல்லிய பள்ளம் வெட்டிவிட்டுப் போகும், மீதிக் காப்பர் போர்டிலேயே இருக்கும். 5 வோல்ட், 12 வோல்ட் சர்க்யூட்டுக்கு அது பாதகமில்லை. என் போர்டில் ஒரு பக்கம் 230 வோல்ட், மறு பக்கம் 5 வோல்ட், ஒன்றிலிருந்து மற்றதற்குக் கரண்ட் தாவாமல் இருக்க நடுவில் 6 மி.மீ. காலியிடம் விட்டு வரைந்திருந்தேன். பள்ளம் மட்டும் வெட்டினால் அந்த 6 மி.மீ. இடத்தில் ஒரு காப்பர் பட்டை அப்படியே உட்கார்ந்திருக்கும், இந்தப் பக்கம் 0.2 மி.மீ., அந்தப் பக்கம் 0.2 மி.மீ. வரைபடத்தில் 6 மி.மீ., கையில் வருவது 0.4. அதனால்தான் அந்தப் பட்டையை முழுக்கச் சுரண்டி எடுங்கள், மோட்டாரை ஆன் ஆஃப் செய்யும் ரிலேக்குக் கீழே 2 மி.மீ. அகலத்தில் ஒரு ஸ்லாட்டும் (நீளமான துளை) வெட்டுங்கள் என்று எழுதியே அனுப்பினேன். "பண்ணிடலாமுங்ணா" என்று பதில் வந்தது.

இரண்டு நாள் என்றது ஒன்பது நாளானது. முதல் செட் போர்டில் காப்பர் மேலேயே என் மாடல் நம்பரைப் போட்டிருந்தேன், அது கண்ணாடியில் காட்டினால்தான் படிக்க முடிந்தது. ஆமாம், இடவலமாகத் திருப்பி வெட்டியிருக்கிறார்கள். சிப்பைக் கவிழ்த்தா ஒட்ட முடியும்? கேட்டால் உங்கள் ஃபைல் தப்பு என்று சாதித்தார். அதே ஃபைலை இரண்டு வெவ்வேறு வியூவரில் திறந்து படம் எடுத்து அனுப்பிய பிறகு, மெட்டீரியல் காசு மட்டும் கொடுங்கள் என்று 2,500 கேட்டார். பார்ட்டியிடம் கையைக் காலைப் பிடித்து இரண்டு வாரம் தள்ளி வாங்கியிருந்தேன், வேறு வழி தெரியாமல் கொடுத்தேன்.

இரண்டாவது செட் பச்சையாக வந்தது. "சால்டர் மாஸ்க் ஃப்ரீயா அடிச்சிருக்கோமுங்க" என்றார், காப்பரை மூடிக் காக்கும் பூச்சு அது. பார்க்க ஃபேக்டரி போர்டு மாதிரியே இருந்தது, எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்லக் கூடாது. ஸ்லாட் இல்லை, பிட் உடைந்துபோச்சாம். துளைகள் எல்லாம் ஒரே 0.8 மி.மீ., டெர்மினல் பிளாக்கின் கால் நுழையவில்லை, கை டிரில்லில் நானே பெரிதாக்கிக்கொண்டேன். மல்டிமீட்டரில் பீப் வைத்துப் பார்த்ததில் ஐந்தில் இரண்டில் சிப்பின் ஒரு மூலைப் பின்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன, பிளேடால் கீறிப் பிரித்தேன். எதிர் மூலையில் 0.3 மி.மீ. டிராக் தலைமுடி மாதிரி மெலிந்து, சால்டர் வைத்ததும் எழும்பி வந்தது. இதையெல்லாம் சரி பண்ணி ஒரு போர்டை ஓட வைக்கவே நாலு நாள் ஆனது.

ஐந்தாம் நாள் சாயங்காலம் பட்டறையில் 1 எச்பி மோட்டாரை மாட்டி ஆன் ஆஃப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழெட்டுத் தடவை ஒழுங்காக ஓடியது. அடுத்த ஆஃப்பில் 'டப்' என்று ஒரு வெடி, ரிலே பக்கத்தில் நீல வெளிச்சம், கருகின நாற்றம். சிப் போச்சு, ரெகுலேட்டர் போச்சு, ரிலே டிரைவர் போச்சு. அதற்கு அஞ்சு நிமிடம் முன்பு வரை என் லேப்டாப் அந்த போர்டில் மாட்டியிருந்தது, பக்கத்தில் அக்கா பையன் குனிந்து எல்ஈடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

ஆற அமர உட்கார்ந்து கருகின இடத்தில் பிளேடால் பச்சை பெயின்ட்டைச் சுரண்டினேன். அடியில் தகதகவென்று காப்பர். நான் எடுக்கச் சொன்ன, அதற்கென்றே தனியாகக் காசு கொடுத்த அந்தப் பட்டை முழுசாக இருந்தது, ஒரு கோடு கூட வெட்டவில்லை. மேலே அடித்தது மாஸ்க்கும் இல்லை, கடையில் கிடைக்கும் ஸ்ப்ரே பெயின்ட். 230 வோல்ட் என்பது உச்சத்தில் 325 வோல்ட். சுத்தமாக, காய்ந்து இருந்தால் 0.2 மி.மீ. பள்ளம் அதைத் தாங்கிவிடும், அதனால்தான் ஏழெட்டுத் தடவை ஓடியிருக்கிறது. மொட்டை பிட்டில் வெட்டிய பிசிறு பள்ளத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது, வெட்டிய தூளைத் துடைக்காமல் அதன் மேலேயே பெயின்ட் அடித்திருக்கிறார்கள், போதாததற்கு மோட்டாரை நிறுத்தும் கணத்தில் வருகிற வோல்டேஜ் எகிறல், எது தாங்கும்?

மிச்சம் நாலு போர்டையும் செல்போன் டார்ச்சின் மேல் வைத்துப் பார்த்தேன். கண்ணாடி இழை போர்டு வெளிச்சத்தை விடும், காப்பர் விடாது. சிப்பைச் சுற்றி வெட்டின இடமெல்லாம் மெல்லிசாக ஒளிக்கோடு தெரிந்தது, அதிலும் ஒரு மூலையில் தடியாக, எதிர் மூலையில் விட்டுவிட்டு. அகலமாக ஒளிர வேண்டிய அந்த 6 மி.மீ. பட்டை மட்டும் கும்மிருட்டு. பத்து செகண்ட் வேலை, வாங்கின அன்றைக்கே பார்த்திருக்கலாம். வைண்டிங் கடை அண்ணனிடம் இன்சுலேஷன் சோதிக்கும் 500 வோல்ட் மெக்கர் மீட்டரை வாங்கி வந்து அடித்ததில் நாலில் இரண்டு பாஸ் ஆகிவிட்டது, அதனால் மெக்கர் பார்த்துவிட்டேன் என்று யாரும் நிம்மதியாக இருந்துவிட வேண்டாம்.

மறுநாள் நேரில் போனேன். ஜெர்மன் மெஷின் ஏதுமில்லை. பிளைவுட் மேஜையில் ஒரு 3018, அதாவது 30-க்கு 18 செ.மீ. வேலை செய்கிற சின்ன சீன மெஷின், பிட்டைச் சுழற்ற, பொம்மை மோட்டாரின் பெரியண்ணன் மாதிரி ஒரு ஸ்பிண்டில். போர்டை டபுள் டேப் போட்டு எம்டிஎஃப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். மெஷினைக் குறை சொல்ல மாட்டேன், பொறுமையாக ஓட்டினால் இதிலேயே 0.8 மி.மீ. சிப்புக்கு நல்ல போர்டு எடுக்கலாம், எடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் வெட்டும் ஆழமே 0.1 மி.மீ. பலகையும் போர்டும் சேர்ந்து 0.2, 0.3 மி.மீ. வளைந்திருப்பது சாதாரணம். 30 டிகிரி பிட் 0.1 ஆழத்தில் 0.15 அகலம் வெட்டினால், 0.3 ஆழத்தில் 0.26 அகலம் வெட்டும், அப்போது டிராக்கைத் தின்றுவிடும். மேடான மூலையில் அப்படித் தின்னும், பள்ளமான மூலையில் பிட் காப்பரைத் தொடவே தொடாது. அதற்குத்தான் காப்பரில் ஒரு ஒயரைக் கவ்வ வைத்து, பிட்டால் சென்டிமீட்டருக்கு ஒரு இடம் தொட்டுத் தொட்டு உயரம் எடுத்து, அந்த மேப்பின்படி ஓட்டுவார்கள். என் போர்டுக்குத் தொண்ணூற்றுச் சொச்சம் புள்ளி வரும், கொஞ்ச நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். அங்கே அந்த ஒயரையே காணோம். நின்றிருந்த தம்பியைக் கேட்டேன். "லெவலெல்லாம் கண்ணுலயே பார்த்துக்குவோமுங்ணா" என்றான். முகத்தில் ஒரு மாஸ்க் இல்லை, கண்ணாடி இழைத் தூள் பறக்கிற மேஜையில் அவன் டீ கிளாஸ் திறந்தபடி இருந்தது. அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

ஓனர் வந்தார். கருகின போர்டைக் காட்டினேன். "ஏனுங்ணா, ப்ரோட்டோடைப்புனா அப்படித்தானுங்க இருக்கும், நீங்க எதுக்கு அதுல கரண்ட் குடுத்தீங்க?" என்றார். சத்தியமாக இதைத்தான் சொன்னார். காசைத் திருப்பிக் கேட்டதற்கு அடுத்த ஆர்டரில் கழித்துக்கொள்ளலாமாம். நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்தேன், முதலில் கேட்டதே பில். என்னிடம் இருந்தது ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும் வாட்ஸப் பேச்சும்தான்.

இப்படி யாரிடமாவது கொடுக்கிறீர்கள் என்றால் நேரில் போய் மெஷினைப் பாருங்கள், உயரம் எப்படி எடுக்கிறீர்கள் என்று கேளுங்கள், கண்ணால் என்றால் வண்டியைத் திருப்பிவிடுங்கள். மெயின்ஸ் வருகிற போர்டு என்றால் பெயின்ட் அடிக்காமல் வெறும் காப்பராகவே கொடுங்கள் என்று சொல்லி வாங்குங்கள், மீதிப் பணம் கொடுப்பதற்கு முன் அங்கேயே டார்ச்சை அடித்துப் பார்த்துவிடுங்கள். இரண்டு பக்க போர்டுக்குத் துளைக்குள் காப்பர் பூச்சும் இந்த மெஷினிலேயே போட்டுத் தருகிறேன் என்றால் அதுவும் பொய், பூச்சுக்குக் கெமிக்கல் தொட்டி வேண்டும். பில் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள், நான் மிச்சம் பிடிக்க நினைத்த ஜிஎஸ்டி காசு எத்தனை என்று கணக்குப் போடவே வெட்கமாக இருக்கிறது.

பார்ட்டி வேறு ஆளிடம் போய்விட்டார். போர்டை சீனாவுக்கே போட்டு வாங்கினேன், ஸ்லாட்டோடு வந்தது. போன வாரம் அந்த ஓனர் நம்பரிலிருந்து ஒரு மெசேஜ், புது மெஷின் இறக்கியிருக்கிறார்களாம், பழைய கஸ்டமருக்கு தள்ளுபடியாம், கூடவே படம். கண்ணாடி மூடி, தூசிக் குழாய், அதே பழைய படம். இந்த முறைதான் கவனித்தேன், மெஷினுக்குப் பின்னால் சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட்டில் இரண்டே ஓட்டை, வட்டக் குழி. நம்மூர் சாக்கெட்டே இல்லை.