நீண்ட ஊழியத்துக்குப் பிறகு: விடுப்பா, படிப்பா, ராஜினாமாவா?

இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் ஊழியம் செய்த ஒருவர் "இனி என்னால் முடியாது" என்று சொல்லும்போது இரண்டு விஷயங்கள் அதில் கலந்திருக்கின்றன. உடம்பும் மனமும் ஓய்ந்துபோயிருப்பது ஒன்று. "ஆண்டவர் இன்னும் இந்தப் பணிக்குத்தான் என்னை அழைக்கிறாரா?" என்ற தவிப்பு மற்றொன்று. முன்னதற்குத் தூக்கம் வேண்டும், பின்னதற்கு ஜெபமும் நிதானமும் வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு எடுத்த முடிவுகளால் நல்ல ஊழியர்களைச் சபைகள் இழந்திருக்கின்றன. போயிருக்க வேண்டியவர்கள் போகாமலே கசந்துபோனதும் உண்டு. எனவே கண்முன் இருக்கும் நான்கு வழிகளையும் ஒரே அளவுகோலால் அளந்து பார்க்கிறேன்: ஓய்வெடுக்கும் காலத்தையும் முடிவெடுக்கும் காலத்தையும் இந்த வழி பிரித்து வைக்கிறதா?

இந்த அளவுகோல் வேதத்திலேயே இருக்கிறது. 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தில் எலியா சூரைச்செடியின் கீழ் படுத்துச் சாவைக் கேட்கிறார். வந்த தூதன் அவருடைய அழைப்பைப் பற்றி எதுவும் பேசவில்லை. எழுந்து சாப்பிடச் சொல்கிறான். எலியா சாப்பிட்டு மறுபடி தூங்குகிறார். இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பாடு கொடுக்கிறான். பிறகு நாற்பது நாள் நடை. ஓரேப்புக்குப் போய்ச் சேர்ந்த பிறகே "இங்கே உனக்கு என்ன காரியம்?" என்ற கேள்வி வருகிறது. அதன் முடிவில் எலியாவுக்குக் கிடைப்பது புதிய வேலையும், தனக்குப் பின் வரப்போகும் எலிசாவும். கேள்வியை முதல் நாளே கேட்டிருந்தால் அவர் என்ன பதில் சொல்லியிருப்பார் என்பது நமக்குத் தெரியும்.

பொறுப்பில் இருந்துகொண்டே தேடுவது

பலருக்கு இது ஒன்றுதான் சாத்தியம். இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகள் ஏறத்தாழ 30 நாள் மௌனத்தில் செய்யப்படுபவை. வேலையை விட்டு வர முடியாதவர்களையும் அவர் மறக்கவில்லை. தினம் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி, ஒரு வழிகாட்டியின் துணையோடு பல மாதங்களில் அதே பயிற்சிகளைச் செய்யலாம் என்று பத்தொன்பதாவது முன்குறிப்பில் இடம் வைத்திருக்கிறார். சம்பளம் நிற்காது, குடும்பம் ஆட்டம் காணாது, சபையில் வதந்தி கிளம்பாது.

ஆனால் அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள் ஒரு அடக்க ஆராதனைக்கு அழைப்பு வரும், கமிட்டிக் கூட்டம் வரும், ஞாயிறு பிரசங்கம் தலைக்குள் சுழலும். களைப்பில்லாமல் கேள்வி மட்டும் முற்றியிருப்பவருக்கு இந்த வழி போதும். ஓய்ந்துபோனவருக்கு ஜெபமும் இன்னொரு கடமையாகிவிடும். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் (1983, எண் 533) பங்குத்தந்தைக்கு ஆண்டுக்கு ஒரு மாதம் வரை விடுமுறை தருகிறது. ஆண்டுத் தியானத்தின் நாட்களை அந்த மாதத்தில் கழிப்பதில்லை. தியானம் வேறு, ஓய்வு வேறு என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது. ஊழியர்கள்தான் ஒன்றைக் கொண்டு மற்றதை ஈடுகட்டப் பார்க்கிறோம்.

படிப்பு விடுப்பு

நிர்வாகம் எளிதில் ஒப்புக்கொள்வது இதைத்தான். முடிவில் ஒரு சான்றிதழைக் காட்டலாம் அல்லவா? பல ஆண்டுகள் கொடுத்துக் கொடுத்தே வற்றிய பிரசங்கிக்கு நூலகமும் வகுப்பறையும் உண்மையிலேயே புத்துயிர் தரும். களைத்தவருக்கு மட்டும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். லேவியராகமம் 25 ஏழாம் ஆண்டில் நிலத்தை விதைக்காமல் விடச் சொல்கிறது. கோதுமைக்குப் பதில் எள் போடு என்று சொல்லவில்லை. கட்டுரைக் கெடுவும் தேர்வு நாளும் பழைய ஓட்டத்தை வேறு பாதைக்கு மாற்றுமே தவிர நிறுத்தாது. அழைப்பைப் பற்றிய கேள்வியும் அடுத்த பட்டத்துக்குத் தள்ளிப்போய்விடும்.

முதலில் ராஜினாமா, பிறகு யோசனை

இதில் ஒரு நேர்மை இருப்பதை மதிக்கிறேன். மனம் விலகிய பின் பீடத்தில் நிற்பது பொய் என்று நினைப்பவர்கள் இப்படிச் செய்கிறார்கள். ஆனாலும் பெரும்பாலானோருக்கு நான்கில் மிக ஆபத்தான வழி இதுவே. சபை வீட்டில் குடியிருக்கும் போதகருக்கு வேலை, வீடு, பிள்ளைகளின் நண்பர்கள், ஜெபக்குழு எல்லாம் ஒரே கடிதத்தில் போய்விடும். அதன் பிறகு அவர் கேட்பது "ஆண்டவரே, உமது சித்தம் என்ன?" என்ற கேள்வியாக இருக்காது, "அடுத்த மாத வாடகைக்கு என்ன வழி?" என்பதாகவே இருக்கும். அந்த நெருக்கடியில் கிடைக்கும் முதல் வேலை தேவ சித்தமாகத் தெரியும்.

ஆன்மிக வறட்சியின் காலத்தில் முன்பு எடுத்த தீர்மானத்தை மாற்றாதே என்பது இஞ்ஞாசியாரின் உறுதியான விதி. வறட்சியில் எடுத்த முடிவு எப்போதும் தவறாகத்தான் இருக்கும் என்று அவர் சொல்லவில்லை. அந்த நிலையில் நம்மை நடத்துவது நல்ல ஆவியாக இருக்காது என்கிறார். கத்தோலிக்கத் துறவியருக்குச் சட்டம் கதவைப் பாதி திறந்தே வைத்திருக்கிறது. தகுந்த காரணம் இருந்தால் ஓராண்டு வரை இல்லத்துக்கு வெளியே தங்கலாம் (எண் 665). பெரிய காரணம் இருந்தால் ஐந்தாண்டு வரை துறவற சபைக்கு வெளியே வாழவும் அனுமதி கிடைக்கலாம் (எண் 686). மற்றச் சபைகளின் போதகர்களுக்கும் இப்படி ஓர் இடைவாசல் வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

மேலிருப்பவர்களின் கொடுமை தாங்க முடியாமல் போனால், மருத்துவர் நிறுத்தச் சொன்னால், அல்லது தான் செய்த தவறால் மந்தைக்கே ஆபத்து என்றால், காத்திருக்கக் கூடாது. அங்கே உடனே விலகுவதே சரி.

திரும்பும் உரிமையோடு ஓய்வு விடுப்பு

என் தேர்வு இது. மூன்று மாதமாவது வேண்டும், ஆறு கிடைத்தால் நல்லது. முதல் பாதியில் எந்த முடிவும் எடுப்பதில்லை என்று துணைவரிடமும் வழிகாட்டியிடமும் வாக்குக் கொடுத்துவிட வேண்டும். பிரசங்கம் இல்லை, ஆலோசனை இல்லை, சபைத் தொலைபேசி வேறொருவர் கையில். ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் தம்மைத் தெரியாத ஓர் ஆலயத்தில் கடைசி வரிசையில் உட்காரலாம். முதல் சில வாரங்கள் எரிச்சலாகவும் வெறுமையாகவும் இருக்கும். தேவைப்படுகிறவராகவே வாழ்ந்து பழகியவருக்கு யாரும் தேடாத காலை நேரம் பயம் தரும். அந்தப் பயத்தை அப்படியே வழிகாட்டியிடம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அழைப்பின் பேரில் நாம் எதையெல்லாம் பற்றிக்கொண்டிருந்தோம் என்பதை அது காட்டிக்கொடுக்கிறது.

இரண்டாம் பாதியில் தியானம். அதில் கேள்வியைப் பிரித்துக் கேட்க வேண்டும்: நான் விட நினைப்பது இந்தச் சபையையா, இந்த வகை வேலையையா, குருத்துவ வாழ்வையேவா? முதல் கேள்விக்கு இடமாற்றமே பதிலாகலாம். மூன்றாவதற்கு மிக நீண்ட காலம் வேண்டும்.

முடிந்தால் சிறிதளவு வாழ்ந்து பார்க்கவும் வேண்டும். கத்தோலிக்கக் குருவும் ஆன்மிக எழுத்தாளருமான ஹென்றி நௌவென் 1974-இல் அமெரிக்காவின் ஜெனசி டிராப்பிஸ்ட் துறவு மடத்தில் ஏழு மாதம் தங்கினார், துறவியாகவில்லை. 1981-இல் யேல் பல்கலைக்கழகத்தை விட்டு பொலிவியாவுக்கும் பெருவுக்கும் போனார், மிஷனரி வாழ்வும் தமக்கானதல்ல என்று கண்டார். ஹார்வர்டில் கற்பித்த பிறகு, 1986-இல் கனடாவில் அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களோடு வாழும் லார்ஷ் சமூகத்தில் சேர்ந்து, 1996-இல் இறக்கும்வரை அங்கேயே ஊழியம் செய்தார். முந்தைய இரண்டு "இல்லை"களும் வீண் அல்ல.

துணைக்கு ஒருவரா, குழுவா? வழிகாட்டி ஒருவர் மாதக்கணக்கில் நம் மனதின் போக்கைக் கவனிப்பார். மௌன ஆராதனைக்குப் பேர்போன கிறிஸ்தவப் பிரிவான குவேக்கர் மரபின் தெளிவுக் குழுவில் நம்பிக்கைக்குரிய சிலர் கூடுகிறார்கள். அறிவுரை சொல்லக் கூடாது, திறந்த கேள்விகள் மட்டுமே கேட்கலாம், பேசியது வெளியே போகக் கூடாது. ஓய்வுக் காலத்துக்கு வழிகாட்டியும், முடிவு நெருங்கும்போது ஒரு மாலை அப்படிப்பட்ட குழுவும் இருப்பது நல்லது என்பேன். சபை மூப்பர்களை அந்தக் குழுவில் சேர்க்க வேண்டாம். அவர்கள் எவ்வளவு நல்லவர்களானாலும் நம் முடிவில் அவர்களுக்கும் பங்கு இருக்கிறது.

கிளம்புவதற்கு முன் எழுத்தில் தீர்த்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. விடுப்பு முடிந்து குறைந்தது ஓராண்டு பணியாற்ற வேண்டும் என்று நிபந்தனை வைக்கும் சபைகள் இருக்கின்றன. செலவு செய்யும் சபைக்கு அது நியாயமே. ஆனால் போக வேண்டும் என்ற தெளிவு கிடைத்தால் அந்த ஓராண்டு ஊழியருக்கும் மந்தைக்கும் பாரமாகும். அப்படி நேர்ந்தால் விடுப்புச் சம்பளத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தரலாமா, ஆறு மாதத்தில் பொறுப்பை ஒப்படைத்துவிடலாமா என்பதை விடுப்புக் கடிதத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.