உயில் நிறைவேற்றுநர் தவறு செய்தால்: புரொபேட் ரத்தா, ஆளை நீக்குவதா, கணக்கு வழக்கா?

உயிலை நிறைவேற்றும் பொறுப்பில் உள்ளவர் வாடகையைத் தம் கணக்கில் போட்டுக்கொள்கிறார், மனையை உறவினருக்கு அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடப் பார்க்கிறார் என்று தெரிந்ததும், புரொபேட்டையே, அதாவது உயில் உண்மையானது என்று நீதிமன்றம் தரும் சான்றையே, ரத்து செய்துவிட வேண்டும் என்றுதான் வாரிசுகளுக்குத் தோன்றுகிறது. இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925-இன் 263-ஆவது பிரிவு அதற்கு இடம் தருகிறது. ஆனால் பொய் சொல்லியோ உண்மையை மறைத்தோ புரொபேட் வாங்கியிருப்பது போல, பெரும்பாலும் அதைப் பெற்ற விதத்தில் உள்ள குறைகளையே அது பார்க்கிறது. நிர்வாகத் தவறுக்கு அதில் உள்ள பிடி, கணக்குதான். 317-ஆவது பிரிவின்படி 6 மாதங்களுக்குள் சொத்துப் பட்டியலையும் ஓராண்டுக்குள் வரவு செலவுக் கணக்கையும் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டியவர், தக்க காரணமின்றி வேண்டுமென்றே அதைச் செய்யாமல் விட்டாலோ, முக்கிய விவரத்தில் பொய்க் கணக்குக் கொடுத்தாலோ ரத்து கோரலாம். ஆகவே எந்த வழிக்குப் போவதானாலும், கணக்குத் தாக்கலாகியிருக்கிறதா என்று நீதிமன்றக் கோப்பைப் பார்ப்பதே முதல் வேலை.

உயிலில் சந்தேகமில்லை, ஆள்தான் சரியில்லை என்றால் 301-ஆவது பிரிவே பொருத்தமானது என்பது என் கருத்து. அதன்படி உயர் நீதிமன்றம் அவரை இடைநிறுத்தலாம் அல்லது நீக்கலாம். அந்த இடத்துக்கு வேறொருவரையும் கொண்டுவரலாம். உயிலுக்குப் பங்கம் வராது.

ஆனால் ஆளை மாற்றியதாலேயே போன பணம் திரும்பிவிடாது. சொத்தைத் தவறாகப் பயன்படுத்தி இழப்பு உண்டாக்கியவரே அதை ஈடுசெய்ய வேண்டும் என்கிறது 368-ஆவது பிரிவு. வரவேண்டியதை வசூலிக்காமல் விட்டதற்கும் 369-ஆவது பிரிவின்படி அவரே பொறுப்பு. இதைக் கேட்டு வாங்கும் இடம் உரிமையியல் நீதிமன்றத்தில் தொடரும் நிர்வாக வழக்கு, அதாவது தலைப்பில் சொன்ன கணக்கு வழக்கு. கணக்கெடுப்புக்கு முதல்நிலைத் தீர்ப்பாணை (இறுதித் தீர்ப்புக்கு முன் வரும் உத்தரவு), விற்பனைக்கு இடைக்காலத் தடை, தேவைப்பட்டால் ரிசீவர் (சொத்தைப் பார்த்துக்கொள்ள நீதிமன்றம் நியமிப்பவர்) என்று எல்லாம் இதில் கேட்கலாம். ரத்து, நீக்கம், வழக்கு என்ற மூன்று வழிகளிலும் வலு மிகுந்தது இதுவே, இழுத்தடிப்பதும் இதுவே. விற்பனை நெருங்கிவிட்டதென்றால் தடை கோருவதைத் தள்ளிப்போடக் கூடாது.

நம்பிக்கை மோசடி என்று போலீசில் புகார் கொடுப்பவர்களும் உண்டு. 'இது சிவில் மேட்டர்' என்ற பதிலுக்கும் அவர்கள் தயாராக இருக்க வேண்டும்.

வெறும் தாமதம் மட்டுமே குறை என்றால் கொஞ்சம் பொறுக்கத்தான் வேண்டும்: உயில் எழுதியவர் இறந்து ஓராண்டு முடியும்வரை பங்கைக் கொடுக்க நிறைவேற்றுநர் கட்டுப்பட்டவர் அல்லர். பங்கு கொடுபட வேண்டிய நாளிலிருந்து அதைக் கோரி வழக்குத் தொடர 12 ஆண்டுகள் அவகாசம் உண்டு.