மைவிக்கு நானே மாற்றிய பெண்டிக்ஸ் பிரேக் பேட்

பினாங்கின் பாயா தெருபோங்கிலிருந்து துன் சார்டோன் மலைச் சாலை வழியாகப் பாலிக் புலாவுக்கு அடிக்கடி ஏறி இறங்கும் என் பெரோடுவா மைவி காரின் முன்சக்கர பிரேக் பேட்கள் 3 மில்லிமீட்டருக்கும் கீழே தேய்ந்துவிட்டதால், ஜெலுத்தோங்கில் உள்ள ஓர் உதிரிபாகக் கடையில் பெண்டிக்ஸ் நிறுவனத்தின் பேட்களை வாங்கி நானே மாற்றினேன். சென்ற முறை மலிவு என்று இணையத்தில் வாங்கிய பெயர் தெரியாத பேட்கள், சில மாதங்களிலேயே கிறீச்சிடத் தொடங்கி, ரிம் முழுவதும் கறுப்புத் தூளை அப்பிவிட்டன. இந்தக் கடைக்காரரோ வண்டியின் ஆண்டைக் கேட்டு, நான் கொண்டுபோன பழைய பேட்டைப் புதியதன்மேல் வைத்து அளவு பார்த்த பிறகே பணம் வாங்கினார்; அந்த அக்கறைக்காகவே மீண்டும் அங்கு செல்வேன்.

பொருத்துவதில் பொறுமை தேவைப்படும் இடம், பேட்டை அழுத்தும் பிஸ்டனை உள்ளே தள்ளும் வேலைதான். பிரேக் ஆயில் தொட்டியின் மூடியைத் திறந்து வைத்து, சி-கிளாம்ப் என்னும் திருகுப் பிடியால் மெல்ல மெல்ல அழுத்தினால், ஆயில் மட்டம் கண்ணெதிரே உயர்வதைக் காணலாம். அது வழிந்து பெயிண்டில் பட்டால் பெயிண்ட் உரிந்துவிடும். பிஸ்டன் இருக்கும் காலிப்பரை அதன் ரப்பர்க் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வைத்தேன். பேட் வந்த பெட்டியில் கிரீஸ் இல்லை, தனியாக வாங்க வேண்டியிருந்தது. அது ஒன்றே குறை.

வண்டியை நகர்த்துமுன் பெடல் இறுகும்வரை பலமுறை மிதிப்பது கட்டாயம். இப்போது மலையிறக்கத்தின் கொண்டையூசி வளைவுகளில் வண்டி சத்தமின்றி, ஒரு பக்கம் இழுக்காமல் நிற்கிறது.