2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு: பாலுக்குச் சரி, அப்பளத்துக்கு இல்லை

அடுப்பு நல்ல அடுப்புதான். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் போட்டிருக்கிறேன். பிடித்து வைத்த ஒன்றில் பாதி பட்டன்களின் கணக்கு, மீதிப் பாதி அடியில் இருக்கும் மின்விசிறியின் கணக்கு. இதை வாங்கியவர்களில் சிலர் 'சூப்பர்' என்கிறார்கள், சிலர் 'வேஸ்ட்' என்கிறார்கள். இரண்டு பக்கமும் உண்மையைத்தான் சொல்கிறார்கள் என்று நினைக்கிறேன். ஒருவர் வீட்டுச் சமையலறையில் பெரிய 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட் இருந்திருக்கும். இன்னொருவர் வீட்டில் இருந்திருக்காது.

நாங்கள் சென்னை துரைப்பாக்கத்தில் மூன்றாவது மாடியில் நான்கு பேர். நான் கோவில்பட்டி. ஒருத்தி சேலம், ஒருத்தி தூத்துக்குடி, அப்புறம் நைட் ஷிப்ட் அக்கா. அக்காவும் நாங்களும் ஒரே வீட்டில் இருக்கிறோம் என்பதற்கு ஆதாரம், சிங்க்கில் கிடக்கும் காபி டம்ளர் மட்டும்தான். எங்கள் பெயரில் கேஸ் இணைப்பு வாங்க முகவரிச் சான்று இல்லை. ஐந்து கிலோ சிலிண்டர் அடையாள அட்டை காட்டினாலே கிடைக்கும் என்று சேலத்துக்காரி கண்டுபிடித்து வந்தாள். ஹவுஸ் ஓனர் ஆண்ட்டி ஒரே வரியில் முடித்துவிட்டார்: "வேலைக்குப் போற பிள்ளைங்க, கேஸை மூடினோமா மூடலையான்னு ஆபீஸ்ல உக்காந்து யோசிப்பீங்க. வேண்டாம்மா." அவர் சொன்னதில் தப்பு இல்லை. அயர்ன் பாக்ஸ் விஷயத்தில் நாங்கள் அப்படித்தான். ஆக, 2,299 ரூபாய்க்கு இந்த அடுப்பு வந்தது.

முதலில் இதன் நல்ல பக்கம். ஒரு லிட்டர் தண்ணீர் மூன்று, நான்கு நிமிடத்தில் தளதளவென்று கொதித்துவிடுகிறது. கேஸ் அடுப்பில் பாத்திரத்தைச் சுற்றி வெளியே போகிற சூடு இதில் போவதில்லை. கண்ணாடிக்குக் கீழே இருக்கும் காயில் (கம்பிச் சுருள்) நேராகப் பாத்திரத்தின் அடியையே சூடாக்குகிறது. அடுப்பு மேடை கொதிப்பதில்லை, சமைக்கிற ஆளும் வேர்த்து வழிவதில்லை. மே மாதச் சென்னையில் ஜன்னல் சின்னதாக இருக்கும் சமையலறையில் நின்று பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். டைமர் வைத்துவிட்டுக் குளிக்கப் போகலாம். பாத்திரத்தை எடுத்துவிட்டால் கொஞ்ச நேரம் கத்திவிட்டுத் தானே அணைந்துவிடும். ஓனர் ஆண்ட்டியின் கவலைக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

ஆனால் பால் விஷயத்தில் பழக வேண்டும். குறைந்த வாட்டில் வைத்தால் தீயைச் சிம்மில் வைத்த மாதிரி ஒரே சீராக எரியும் என்று நினைக்கக் கூடாது. கொஞ்ச நேரம் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். பால் பொங்கி வரும், அடங்கும், நாம் திரும்பிப் பார்க்காத நேரத்தில் பொங்கி வழியும். பொங்கிய பால் டச் பட்டன் மேல் விழுந்தால் அடுப்பு நாம் தொட்டதாக நினைத்துக்கொண்டு அதுவாக ஏதாவது செய்யும். ஈரக் கையால் தொட்டால் நேர்மாறு, எதுவுமே நடக்காது. சமையலறையில் யாருக்குத்தான் கை காய்ந்திருக்கும்?

அடுத்தது பாத்திரம். அம்மா ஊரிலிருந்து பஸ்ஸில் கொடுத்தனுப்பிய எவர்சில்வர் பாத்திரங்களில் பாதி இதில் சும்மா உட்கார்ந்திருந்தன. காந்தம் ஒட்டுகிற அடிப்பாகம் இருந்தால்தான் இந்த அடுப்பு வேலை செய்யும். அலுமினியம், செம்பு, மண்சட்டி எதுவும் ஆகாது. எவர்சில்வரிலும் எல்லாமே ஒட்டாது. பளபளவென்று விலை கூடிய நல்ல எவர்சில்வரே சில சமயம் ஒட்டாமல் போகும். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் காந்தத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். தூத்துக்குடிக்காரி தி.நகர் பாத்திரக் கடையில் ஒவ்வொரு சட்டியையும் கவிழ்த்து காந்தம் வைத்துப் பார்க்க, கடைக்காரர், "என்னம்மா, இரும்பு வியாபாரமா?" என்று கேட்டார். கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும். அடி அகலம் குறைந்தது 12 சென்டிமீட்டராவது இருப்பதும் முக்கியம். ஒரு ஆளுக்கு மட்டும் காபி போடும் சின்னப் பாத்திரத்தை இது பாத்திரமாகவே மதிக்காது. நைட் ஷிப்ட் அக்காவின் ஒரே குறை இதுதான். விடிகாலையில் ஒரு டம்ளர் பாலுக்காகக் குழம்புச் சட்டியை எடுக்க வேண்டியிருக்கிறது.

தோசைக்கு ஒரு தனிப் பட்டனே கொடுத்திருக்கிறார்கள். அதை நம்ப வேண்டாம். இரும்புத் தோசைக்கல் இதில் சூடாகும், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் காயில் கல்லைவிடச் சின்னது. நடுவில் கருகி, ஓரத்தில் வெள்ளையாக, மாவு வாசனையோடு ஒரு தோசை வரும். அந்தப் பட்டனைத் தொடாமல் 800 வாட்டில் வைத்துக் கல்லை நிதானமாகக் காயவிட்டு, தோசையைக் கொஞ்சம் சின்னதாக ஊற்றினால் சமாளிக்கலாம். முறுகல் தோசை ஆசை இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஹோட்டலுக்குப் போவதுதான் மரியாதை. அப்பளம் சுட முடியாது, கத்தரிக்காய் சுட முடியாது. சுட்ட கத்தரிக்காய்த் துவையல் இல்லாமல் சேலத்துக்காரி எப்படி இருக்கிறாள் என்று அவளைத்தான் கேட்க வேண்டும்.

சரி, கரண்ட். 2000 வாட் என்றால் கிட்டத்தட்ட ஒன்பது ஆம்பியர் இழுக்கும். போன் சார்ஜ் போடும் சின்ன 6 ஆம்ப் பாயிண்ட் இதற்குத் தாங்காது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம், உருகும். எங்கள் சமையலறையில் ஒரு பெரிய பாயிண்ட் உண்டு. ஆனால் எலக்ட்ரீஷியன் புண்ணியவான் அதையும் பாத்ரூம் கீசரையும் ஒரே எம்சிபியில் (லோடு கூடினால் தானே அணையும் சுவிட்ச்) கோர்த்துவிட்டிருக்கிறார். ஒருத்தி கீசர் போட்டுக் குளிக்கும்போது இன்னொருத்தி குக்கர் வைத்தால் டப்பென்று அணையும். பாத்ரூமுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வரும், சமையலறையிலிருந்து அதைவிடப் பெரிய சத்தம் வரும். இப்போது பாத்ரூம் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: 'சோறு முடிஞ்சதா கேட்டுட்டுக் குளி.'

செலவு பரவாயில்லை. முழு வேகத்தில் அரை மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். ஆண்ட்டி சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்குகிறார். அரசு தரும் இலவச யூனிட்டெல்லாம் அவர் பில்லில் கழியும், எங்களிடம் வராது. அப்படியும் அடுப்புக்கு மட்டும் மாதம் நானூறு ரூபாய்க்குள்தான் வருகிறது. நான்கு பேருக்குப் பிரித்தால் வெளியே ஒரு வேளை பிரியாணிக்குக்கூடக் காணாது.

இனி, இந்த அடுப்பை ஏலகிரி மலைக்குத் தூக்கிக்கொண்டு போன கதை. 'எங்கும் எடுத்துச் செல்லலாம்' என்று பெட்டியில் அச்சடித்திருப்பதால் இதையும் மதிப்புரையில் சேர்ப்பது நியாயம்தான்.

மலை மேல் சாப்பாடு விலை அதிகம் என்று யாரோ தூத்துக்குடிக்காரியிடம் சொல்லிவிட்டார்கள். அதிகாலை ரயிலில் ஜோலார்பேட்டை, அங்கிருந்து பஸ். அடுப்பு என் மடியில். ரயிலிலேயே சார்ஜர் பாயிண்டில் போட்டு டீ வைக்கலாமா என்று அவள் கேட்டாள். ரயில்வே அதைத் தடை செய்திருக்கிறது, அந்தப் பாயிண்ட் அதற்கானதும் இல்லை. சேலத்துக்காரி முறைத்த முறைப்பில் அந்தப் பேச்சு அரக்கோணத்தோடு நின்றது. மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு புலவர் பெயரோ வள்ளல் பெயரோ வைத்திருக்கிறார்கள். மூன்றரைக் கிலோ அடுப்பை மடியில் வைத்துக்கொண்டு பாரி, காரி, ஓரி என்று வரிசையாகக் கும்பிட்டுக்கொண்டே ஏறினேன். லாட்ஜில் போய்ப் பார்த்தால், அத்தனை வள்ளல்களில் ஒருவர்கூட எங்களுக்கு 16 ஆம்ப் பிளக் கொடுத்திருக்கவில்லை. டிவிக்குக் கீழே ஒரே ஒரு சின்னப் பாயிண்ட்.

அங்கே மங்களம் கிராமத்திலிருந்து சுவாமிமலை உச்சிக்கு ஏறி இறங்கி, புங்கனூர் ஏரியில் படகு விட்டு, மழையில் நனைந்து அறைக்கு வந்தபோது நல்ல பசி. சேலத்துக்காரி பையிலிருந்து, பெரிய பிளக்கைச் சின்னப் பாயிண்டில் மாட்ட உதவும் கன்வர்ஷன் பிளக்கை எடுத்தாள். "1000 வாட்டுல வெச்சா நாலரை ஆம்ப்தான்டி, தாங்கும்." கணக்கு சரி. ஆனால் இந்த அடுப்பில் எந்தப் பட்டனை அமுக்கினாலும் அதற்கென்று வைத்த வாட்டில்தான் தொடங்கும், அப்புறம்தான் குறைக்க முடியும். தூத்துக்குடிக்காரி பசி அவசரத்தில் 'தண்ணீர்' பட்டனை அமுக்கிவிட்டாள். அது 1800. நாங்கள் நூடுல்ஸ் பாக்கெட்டைப் பிரிப்பதற்குள் எங்கள் அறை, பக்கத்து அறை, வராந்தா எல்லாம் இருட்டு.

லாட்ஜ் அண்ணன் டார்ச்சோடு வந்தார். "ரூம்ல என்னம்மா போட்டீங்க?"

"போன் சார்ஜ் போட்டோம்ணே" என்றாள் தூத்துக்குடிக்காரி, கொஞ்சமும் கூசாமல்.

அவர் டார்ச்சை மெதுவாகக் கீழே இறக்கினார். அடுப்பு, அதன் மேல் சட்டி, சட்டியில் தண்ணீர். "இவ்ளோ பெரிய போனா?"

திட்டவில்லை. ஃபியூஸ் கம்பி மாற்றிவிட்டு, எதிரில் விறகடுப்பு வைத்திருக்கும் கடைக்கு எங்களை அவரே அனுப்பிவைத்தார். முட்டை தோசை ஓரம் வரை முறுகலாக இருந்தது. அப்பளம்கூட தணலில் சுட்டுக் கொடுத்தார்கள். விலையும் ஒன்றும் அதிகம் இல்லை. தூத்துக்குடிக்காரிக்குத் தகவல் கொடுத்த ஆள் யார் என்று இன்றுவரை தெரியவில்லை.

ஆக, 'எங்கும் எடுத்துச் செல்லலாம்' என்பதை 'வேறு வாடகை வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம்' என்று படித்துக்கொள்ளுங்கள். எந்தப் பட்டனிலும் குறைந்த வாட்டில் தொடங்கும்படி வைத்தால் கம்பெனிக்கு என்ன நஷ்டம்? அரை நட்சத்திரம் இதற்குத்தான் போனது.

மீதி அரை நட்சத்திரம் அடியில் இருக்கும் மின்விசிறிக்கு. காற்று போகிற துளை வழியாகக் கரப்பான் உள்ளே குடியேறிவிடும், சூடு அதற்குப் பிடிக்கிறது. ஒருநாள் அடுப்பு கரகரவென்று கத்தியது. சர்வீஸ் ஆள் வந்து திறந்து, உள்ளே இருந்த குடும்பத்தைக் காட்டி, பூச்சியால் வரும் பழுதுக்கு வாரண்டி இல்லை என்று 350 ரூபாய் வாங்கிக்கொண்டார். அந்தத் துளைக்கு ஒரு மெல்லிய வலை வைக்க எவ்வளவு ஆகிவிடும்? இப்போது இரவில் அடுப்பைச் சுத்தமாகத் துடைத்து, ஒரு பழைய தலையணை உறையில் போட்டுக் கட்டி வைக்கிறோம். சமைத்து முடித்தவுடன் பிளக்கைப் பிடுங்காதீர்கள். விசிறி ஓடித் தானாக நிற்கட்டும்.

தூத்துக்குடிக்காரிக்குக் கல்யாணம் நிச்சயமாகி அடுத்த மாதம் கிளம்புகிறாள். தன் பங்கு 575 ரூபாயைக் கேட்கிறாள். ஃபியூஸ் போனதையும் கரப்பான் செலவையும் கழித்துத்தான் தருவோம் என்று சேலத்துக்காரி எக்செல் ஷீட் போட்டு வைத்திருக்கிறாள். பேச்சுவார்த்தை நடக்கிறது.

நீங்கள் வாங்குவதாக இருந்தால் பணம் கட்டும் முன் சமையலறையில் பெரிய பாயிண்ட் இருக்கிறதா, அது கீசரோடு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சேர்ந்திருந்தால் வீட்டு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே ஓனரிடம் பிரித்துத் தரச் சொல்லுங்கள், கொடுத்த பிறகு யாரும் செய்து தர மாட்டார்கள். நான்கு பேருக்கு இண்டக்‌ஷன் அடி வைத்த 3 லிட்டர் குக்கர் போதும். இதே கம்பெனியில் அமுக்குகிற பட்டன் வைத்த மாடல் ஒன்றும் இருக்கிறது, விலையும் கொஞ்சம் குறைவு. அதையே வாங்குங்கள், ஈரக் கைக்கும் வேலை செய்யும்.