காரைக்குடிப் பக்கம் ஒரு பதினைந்து வயதுப் பையனுக்குக் கிடைத்த மனநல வைத்தியம்

சிங்கப்பூரிலிருந்து இந்தத் தடவை ஊருக்குப் போனது ஒரு கல்யாணத்துக்காக. ஆனால் லீவில் பாதி, அக்கா மகனோடு ஆஸ்பத்திரி வாசல்களில்தான் கழிந்தது.

பையனுக்கு 15 வயது. பல மாதமாகவே படிப்பு இறங்கி, கூட்டாளிகளை விட்டு ஒதுங்கி, குளிக்கச் சொன்னாலும் எரிந்து விழுந்திருக்கிறான். வயசுக் கோளாறு என்று விட்டிருக்கிறார்கள். பிறகு ராத்திரி தூங்காமல், வீட்டின் உள்பக்கம், இரண்டாங்கட்டில் யாரோ பேசுகிறார்கள் என்று காதைப் பொத்திக்கொண்டு உட்கார ஆரம்பித்தான். பிள்ளையார்பட்டிக்கு நேர்ந்துகொண்டார்கள். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஏர்வாடியில் கொண்டுபோய் விடலாம் என்று ஒரு பெரியவர் சொன்னபோதுதான் பதறிப்போனேன். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு தனியார் காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் தீயில் மாண்டார்கள், 28 பேர். சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் அடியோடு தடை செய்திருக்கிறது.

முதலில் போன தனியார் கிளினிக்கில் ஐந்து நிமிஷத்தில் மாத்திரைச் சீட்டு. என்ன நோய் என்று ஒரு வார்த்தை இல்லை. அடுத்துப் போன அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் காத்திருப்பு அதிகம், ஆனால் டாக்டரம்மா பையனைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டார். பிறகு அவன் சம்மதத்தோடு எங்களையும் கூப்பிட்டார்.

"அந்தக் குரல் உன்கிட்ட பேசுதா, உன்னைப் பத்திப் பேசுதா தம்பி?"

"ரெண்டு பேரு என்னைப் பத்திப் பேசிக்கிறாங்க. சட்டை மாத்துனா, 'இப்பச் சட்டை மாத்துறான்'ங்கிறாங்க."

அக்கா அப்போதுதான் இதை முதன்முதலாகக் கேட்கிறாள்.

கஞ்சா, வலிப்பு, காய்ச்சல், குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். ரத்தப் பரிசோதனை, தைராய்டு, மூளையின் மின் அலைகளைப் பார்க்கும் இ.இ.ஜி. எழுதினார். அவர் சந்தேகப்பட்டது ஸ்கிசோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு நோய். அதை உறுதிப்படுத்த எந்த ஸ்கேனும் கிடையாது, இவையெல்லாம் மூளை அழற்சி, வலிப்பு போன்ற வேறு காரணம் இல்லையென்று பார்க்கத்தான் என்றார். 13 வயதுக்குள் இது மிக அபூர்வம். கடும் மனச்சோர்விலும் பிள்ளைகளுக்குக் குரல் கேட்கும். அதனால் நோயின் பெயரை அவசரப்பட்டு எழுத மாட்டேன், மாதக்கணக்கில் கவனிக்கணும், ஆனால் மருந்து அதுவரை காத்திருக்காது என்று சொல்லி, குரல்களைக் குறைக்கும் ரிஸ்பெரிடோன் மாத்திரையைக் குறைந்த அளவில் தொடங்கினார். எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது இந்த இடத்தில்தான்.

மாத்திரைக்கு முன் எடை, இடுப்புச் சுற்றளவு, சர்க்கரை, கொழுப்பு எல்லாம் குறித்துக்கொண்டார். இந்த மருந்துகளால் வளரும் பிள்ளைகளுக்குப் பெரியவர்களைவிட வேகமாக எடை கூடுமாம். இரண்டு மருந்து ஒழுங்காகக் கொடுத்தும் கேட்காவிட்டால்தான் க்ளோசபின் என்ற மருந்து, அதற்கு அடிக்கடி ரத்தம் பார்க்க வேண்டும்.

குறை எங்கே என்றால், வீட்டுக்கு வந்த பிறகு. சிங்கப்பூரில் இப்படிப்பட்ட நோயின் ஆரம்பக் கட்டத்தில் இருப்பவர்களுக்கென்றே 2001 முதல் ஒரு திட்டம் இருக்கிறது. பொறுப்பாளர் ஒருவர் குடும்பத்தோடு தொடர்பிலேயே இருப்பார். இங்கே அந்த வேலை முழுக்க அக்கா தலையில். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், தமிழிலேயே பேசலாம் என்பது அவளுக்குத் தெரியவே தெரியாது. போனில் பதிந்து கொடுத்தேன்.

குரல்கள் குறைந்திருக்கின்றன. ஒதுங்கி இருப்பது அவ்வளவு சீக்கிரம் மாறாது, குணமானதுபோல் தெரிந்தாலும் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் மட்டும் இன்னும் சொல்லவில்லை. "நாளைக்கு இவனுக்கு யாரு பொண்ணு குடுப்பா மாப்பிள்ளை?" என்கிறார் அத்தான். மாத்திரைத் தூக்கத்தில் காலை வகுப்பில் பையன் தினமும் திட்டு வாங்குகிறான். ஹெட்மாஸ்டரிடமாவது விஷயத்தைச் சொல்லுங்கள் என்று வாரா வாரம் அத்தானிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்.